தெம்போசான் மலை நிழலில்

பொய் சொல்கிறவர்கள்மேல் சிவகௌரிக்குக் கோபம் வருவதில்லை. சோம்பேறித்தனமாகப் பொய் சொல்கிறவர்களைக் கண்டால்தான் உடம்பெல்லாம் எரியும். "ஒராளை ஏமாத்த வெளிக்கிட்டால் கொஞ்சமாவது மினக்கெட வேணும் பிள்ளை" என்பாள்.

இருபத்திரண்டு வருடம் கவுன்சில் என்கிற நகரசபைக்காக லண்டன் தெருக்களில் நின்று கார்களுக்கு அபராத டிக்கெட் எழுதியவள் அவள். 'இப்பத்தான் நிப்பாட்டினனான்', 'மனிசிக்குப் பிள்ளைவலி', 'நான் ஒரு டாக்டர்' என்று இந்த நகரத்தின் அத்தனை பொய்யையும் மழையில் நனைந்தபடி கேட்டு முடித்தவள். ஓய்வு பெற்ற அடுத்த மாதமே துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டாள். வெம்பிளியில் ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடி. ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு கெட்டில், ஒரு கோதை.

கோதை சேலத்துப் பெண். சாப்ட்வேரில் பிழை கண்டுபிடிக்கும் டெஸ்டராக இருந்தவளைக் கம்பெனி ஒரு வெள்ளிக்கிழமை மின்னஞ்சலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. "குத்தம் கண்டுபிடிக்கிறதைத் தவிர எனக்கு வேற எதுவும் தெரியாதுக்கா" என்று படியேறி வந்தவள், ஒரு வருடமாக இங்கேயே இருக்கிறாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, ஆள் வருமுன்னே அவருடைய சென்ட் மணம் படியேறி வந்தது. பின்னால் பரமேஸ்வரன் வந்தார். அறுபத்தாறு வயது. ஒரு பழைய மாணவர் சங்கத்தின் தலைவர். வெம்பிளியில் எந்த மண்டபத்தில் எந்த விழா நடந்தாலும், முன்வரிசை நாற்காலி ஒன்றுக்கு அவருடைய பாரம் பழக்கம். உட்காருமுன் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்தார். துடைத்த கைக்குட்டையை முகர்ந்தும் பார்த்தார்.

"நீர்தானே அந்தக் கார் டிக்கெட் எழுதின அம்மா?"

"ஓம். காரிலை வந்தனீங்களோ?"

"கீழை விட்டிருக்கிறன்."

"கீழை ரெட்டை மஞ்சள் கோடு. கார் நிப்பாட்டக் கூடாது."

"அஞ்சு நிமிச வேலைதானே" என்று கையை வீசினார். "என்ரை தமையன்ரை மகள் பிரியம்வதா. தமையன் செத்துப் பதினொரு வருசம். வாற ஞாயிற்றுக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலிலை அவளுக்குக் கலியாணம். நான்தான் கைப்பிடிச்சுக் குடுக்க வேணும். மாப்பிள்ளை..." அந்தச் சொல்லை, சோற்றில் கிடந்த மயிரை எடுத்து ஓரம் வைப்பது போலச் சொன்னார். "அஷ்வின் எண்டொரு இந்தியாக்காரன். லிப்ட் கம்பனி இன்ஜினியர். ஜப்பானிலை, ஒசாகாவிலை, ஏழு வருசம் இருந்தவனாம். லண்டனுக்கு வந்து ரெண்டு வருசம்."

"நானும் இந்தியாக்காரிதான் சார்" என்றாள் கோதை.

"நீர் இஞ்சை வேலைக்கு நிக்கிறீர். எங்கடை வீட்டிலை கலியாணம் கட்ட வரேல்லைத்தானே?"

"நல்லவேளை சார். சொல்லுங்க."

அவர் ஒரு தாளை மேசைமேல் வைத்தார். மின்னஞ்சலை அச்செடுத்திருந்தார். "ஒசாகாவிலையிருந்து எனக்கு வந்தது. பேர் போடேல்லை, பாவம், பயந்த மனுசன். இந்தப் பெடியனுக்கு அங்கை ஒரு ஜப்பான்காரி பெண்சாதி. ஒரு பிள்ளையும் இருக்கு. போன நவம்பரிலை கம்பனி வேலையெண்டு பத்து நாள் போனவன், அவையளைப் பாக்கத்தான் போயிருக்கிறான்."

"பிரியம்வதாவுக்குக் காட்டினீங்களோ?"

"நேற்றுக் காட்டினன். அழேல்லை. சுவரையே பாத்துக்கொண்டிருந்தாள். அவனிட்டைக் கேட்டாளாம், இல்லையெண்டானாம். வெளியாள் ஒராள் விசாரிச்சுச் சொல்லட்டும் சித்தப்பா, பிறகு முடிவெடுக்கிறன் எண்டாள். இண்டைக்கு ஆறு மணிக்குக் கோயிலுக்குச் சொல்லியாக வேணும், நடக்குமோ நடவாதோ எண்டு. அதுதான் உம்மட்டை வந்தன். பெரிய ஆராய்ச்சி ஒண்டும் வேண்டாம். கடிதம் உண்மை எண்டு ரெண்டு வரி எழுதித் தாரும். டிக்கெட் எழுதிற மாதிரி."

சிவகௌரி தாளைத் தொடவில்லை. "உங்களுக்கு ஒசாகா தெரியுமோ அண்ணை?"

அவ்வளவுதான். அந்தக் கேள்விக்காகவே முப்பது வருடமாகக் காத்திருந்தவர் போலப் பரமேஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னட்டையோ கேக்கிறீர்? எண்பத்தாறிலையிருந்து மூண்டு வருசம் அங்கை பெரிய கம்பனி ஒண்டிலை மனேஜர். தெம்போசான் மலை அடிவாரத்திலை பங்களா. விடிய எழும்பி யன்னலைத் திறந்தால் மலையுச்சியிலை பனி. பின்னேரம் மலையின்ரை நிழல் வீட்டு முத்தத்திலை விழும். இதைப்பற்றி நான் பதினாலு மண்டபத்திலை பேசியிருக்கிறன். தலைப்பே 'தெம்போசான் மலை நிழலில்'."

"கைதட்டினாங்களா சார்?"

"எழும்பி நிண்டு தட்டினவை."

'வீட்டுக்குப் போக எழுந்திருப்பாங்க' என்று நாக்கு நுனிவரை வந்ததைக் கோதை விழுங்கிக்கொண்டாள். அவர் கீழே போன அரை நிமிடத்தில் தெருவிலிருந்து கூச்சல் கேட்டது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். பரமேஸ்வரனின் கார்க் கண்ணாடியில் அபராத டிக்கெட்டோடு மஞ்சள் உறை ஒன்று ஒட்டியிருந்தது. ஒட்டிய வார்டன் பெண், அவர் கத்துவதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்ல பிள்ளை" என்றாள் சிவகௌரி. "கடிதத்தை வாசி."

கோதை பரமேஸ்வரனின் குரலிலேயே வாசித்தாள்.

"மதிப்பிற்குரிய ஐயா, ஒசாகா மாநகரில் பல்லாண்டுகளாக வாழும் எளிய தமிழன் எழுதுவது. கடந்த நவம்பரில் ஒரு ஞாயிறு பிற்பகல், நகரின் தெற்கே உள்ள நம்பா நிலையத்தில் தங்கள் வருங்கால மருமகனைக் கண்டேன். எஸ்கலேட்டரில் இவ்வூர் வழக்கப்படி வலப்பக்கமாக ஒதுங்கி நின்றிருந்தார். அருகே ஒரு ஜப்பானியப் பெண், தோளில் ஒரு குழந்தை. வெளியே வந்து மூவரும் டாக்சியில் ஏறினர். நான் வேறொரு டாக்சியில் பின்தொடர்ந்தேன். மிடோசுஜி என்னும் பெருவீதியில், இருமருங்கும் பொன்னாய்ப் பழுத்த கிங்கோ மரங்களின் நடுவே, ஒரு திருப்பமும் இன்றி நேர் வடக்காகச் சென்று உமேடாவை அடைந்தோம். தெம்போசான் மலைக்குப் பின்னால் சூரியன் மறைந்துகொண்டிருந்தது. அக்குழந்தை அவரை அப்பா என்று அழைத்தது."

"மெயில் எங்கேருந்து வந்துச்சுன்னு தோண்டிப் பார்க்கட்டுமாக்கா? அரை நாள் ஆகும்."

"வேண்டாம். தோண்டிறதெல்லாம் கிணறு வெட்டிறவையின்ரை வேலை. கடிதத்திலை என்ன இருக்கெண்டு பார்."

கோதை இன்னொரு தடவை படித்தாள். சட்டென்று மேசையைத் தட்டினாள். "மாட்டினான்! எஸ்கலேட்டர்! ஜப்பான்ல இடது பக்கம்தான் நிப்பாங்க. வலது பக்கம் ஏறிப் போறவங்களுக்கு. நூறு வீடியோ பார்த்திருக்கேன். இந்த ஆளு லண்டன்ல உட்கார்ந்து லண்டன் பழக்கத்தை எழுதியிருக்கான்."

"நூறு வீடியோ பாத்த ஆக்கள் கோடிக்கணக்கிலை இருக்கினம். வா, ஏழு வருசம் இருந்தவனிட்டைக் கேப்பம்."

போனில் கேட்டபோது அஷ்வின் அப்டன் பார்க்கில் இருந்தான். கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒரு துணிக்கடை. முப்பத்துநாலு வயது, மூன்று நாள் தாடி. தோளில் சரிகை வேட்டி ஒன்றைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றிருந்தான். கடைக்காரர் பில் புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையிலேருந்து நிக்கிறேன்" என்றான். "வாங்கறதா வேண்டாமான்னு தெரியலை."

"உங்களுக்கு ஒசாகால பெண்டாட்டி இருக்காங்களா?" என்று கோதை நேராகக் கேட்டாள்.

"இல்லைங்க. ஆனா இல்லாத பெண்டாட்டியை இல்லைன்னு எப்படி நிரூபிக்கிறது? இருந்தா போட்டோவாவது காட்டலாம்." வேட்டியின் மடிப்பைத் தடவினான். "பிரியா ஒரு தடவை கேட்டா. இல்லைன்னேன். சரின்னு போனை வச்சிட்டா. கோபப்பட்டு இன்னொரு தடவை கேட்டிருக்கலாம், கத்தியிருக்கலாம். கேட்கவே இல்லை. அதுதாங்க தாங்க முடியலை."

நீங்களே சொல்லுங்கள் கண்ணுகளே, கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு பிள்ளை இப்படி நிற்கலாமா? கோதை தன் துருப்புச் சீட்டை எடுத்து வீசினாள். "எஸ்கலேட்டர்ல எந்தப் பக்கம் நிப்பாங்க சார்? இடதுதானே?"

"டோக்கியோலன்னா இடது. ஒசாகால வலது, லண்டன் மாதிரி. ஏழு வருஷம் எஸ்கலேட்டர் பார்த்துத்தாங்க சம்பளம் வாங்கினேன்."

கோதையின் முகம் விழுந்தது. அப்படியென்றால் கடிதம் சரி. எழுதியவனுக்கு ஊர் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் தோளில் இருந்த குழந்தை?

"முகத்தைத் தூக்கு" என்றாள் சிவகௌரி. "பயணப் புத்தகம் விக்கிறவன் முதல் பக்கத்திலை போடுற சங்கதி உது. தம்பி, எனக்குப் படிக்கட்டு வேண்டாம். தெரு வேணும். ஒசாகாவை எனக்குக் கீறிக் காட்டும்."

வேட்டிக்குள் மடித்து வைத்திருந்த அட்டையை அஷ்வின் உருவினான். கடைக்காரர் பேனாவை நீட்டினார். கீறத் தொடங்கியதும் அவன் முகமே மாறிவிட்டது.

"ஊருக்கு ரெண்டு தலைங்க. வடக்கே உமேடா. ஆபீஸ், ஹோட்டல், டை கட்டின கூட்டம். தெற்கே நம்பா. அங்க சட்டையை வெளிய விட்ட கூட்டம். தின்னு தீர்க்கிற இடம், கட்டடத்து மேல ராட்சச நண்டு காலை ஆட்டிக்கிட்டிருக்கும். வடக்கத்திக்காரனுக்கு தெக்கத்திக்காரன் காட்டான், தெக்கத்திக்காரனுக்கு வடக்கத்திக்காரன் மரக்கட்டை. நடுவில ஆறு, ஆத்துக்குள்ள நீளமா ஒரு தீவு. கிழக்கே இங்க சுருஹாஷி, கொரியாக்காரங்க சந்தை. நான் அங்கதான் குடியிருந்தேன், சட்டையெல்லாம் கிம்ச்சி ஊறுகாய் வாசனை. உமேடால குடியிருக்க எனக்கு என்ன, மாமனாரா வீடு கட்டி வச்சிருந்தார்? தெற்கு வடக்கா ஓடுற தெருவுக்கு சுஜின்னு பேர், கிழக்கு மேற்கா ஓடினா தோரி. இதோ, இந்தத் தடிச்ச கோடுதான் மிடோசுஜி..."

அந்த நேரம் பார்த்துக் கோதையின் போன் அலறியது. பரமேஸ்வரன். கடைக்குள் பாட்டுச் சத்தம் காதைப் பிளந்ததால் வெளியே ஓடினாள்.

"என்ன, ரெண்டு வரி எழுதியாச்சோ? ரெண்டு வரிக்கு ரெண்டு பேர், ரெண்டு மணித்தியாலம்!"

"எழுத்துக் கூட்டிக்கிட்டு இருக்கோம் சார்" என்று வைத்தாள்.

திரும்பி வந்தபோது அஷ்வின் கடை மேசையில் தலையைக் கவிழ்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர். சிவகௌரி சிரிக்கவில்லை. அவள் முகத்தில் இருந்தது வேறு. செருப்பில் மிதித்ததை நடைபாதை ஓரத்தில் தேய்க்கும்போது மனிதர் முகத்தில் வருமே, அது.

"என்னக்கா நடந்தது?"

"பின்னேரம் சொல்லுறன். தம்பி, கடைசிக் கேள்வி. கலியாணத்துக்கு ஒசாகாவிலையிருந்து ஆரும் வருகினமோ?"

"என் பழைய பாஸும் அவர் மனைவியும். நாளை மறுநாள் வர்றாங்க. துறைமுகத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். அங்கிளும் ஒசாகால இருந்தவராச்சே, பேசிக்கிட்டு இருக்கட்டும்னு பிரியா அவங்களை அவர் பக்கத்திலேயே உட்கார வச்சிருக்கா. போன வாரம்தான் அங்கிள்கிட்ட சொன்னோம்."

"சந்தோசப்பட்டாரோ?"

"தண்ணி கேட்டார்."

ரயிலில் வெம்பிளி திரும்பும்வரை கோதை அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு வந்தாள். தடித்த கோட்டின்மேல் அஷ்வின் நாலைந்து அம்புக்குறி போட்டிருந்தான். எல்லா அம்பும் கீழ்நோக்கி. கடலோரத்தில் பேனா முனையால் ஒரே ஒரு புள்ளி. ஈ உட்கார்ந்துவிட்டுப் போனது போல.

"அக்கா, பிழை எங்கேன்னு தெரியலைன்னா எனக்கு மூச்சு முட்டும்."

"யன்னலைத் திற" என்றாள் சிவகௌரி.

பிரியம்வதாவின் வீட்டு முன்னறையில் ஐந்தரை மணிக்கே பரமேஸ்வரன் பெரிய நாற்காலியைப் பிடித்திருந்தார். பிரியம்வதா எதிரே நின்றாள். முப்பத்தொரு வயது, மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. கையில் போன். கோயில் எண்ணைத் திரையில் எடுத்து வைத்திருந்தாள். கட்டைவிரல் மட்டும் அதைத் தொடாமல் நின்றது.

அவள் பின்னால் சுவரில், சட்டம் போட்ட ஒரு படம். சின்னப் பிள்ளை கிரேயானில் தீட்டியது. நீல மலை, உச்சியில் வெள்ளைப் பனி. அடியில் சிவப்புக் கூரை வீடு, வாசலில் டை கட்டிய மனிதர்.

"ரெண்டு வரி கொண்டுவந்தனீரோ?" என்றார் பரமேஸ்வரன்.

"கொண்டுவந்தனான். குடுக்க முன்னம் ஒரு சின்னச் சந்தேகம் அண்ணை. நீங்கள் அங்கை வாழ்ந்தவர். இந்த மிடோசுஜி வீதியாலை நம்பாவிலையிருந்து உமேடாவுக்குக் காரிலை நேரே போகலாமோ?"

"போகலாமோ எண்டோ? மூண்டு வருசம் ஒவ்வொரு நாளும் போனனான். டிரைவர் ஓடுவான், நான் பின்சீற்றிலை பேப்பர் வாசிப்பன். நேர் வடக்கு. நாலு கிலோமீட்டர்."

"ஒரு திருப்பமும் இல்லை?"

"ஒரு திருப்பமும் இல்லை."

"நல்லாய் யோசிச்சுச் சொல்லுங்கோ. ஒரு பிள்ளையின்ரை வாழ்க்கை."

"கண்ணைக் கட்டிவிட்டாலும் போவன் அம்மா!"

"கண்ணைக் கட்டினால்தான் போக ஏலும்" என்றாள் சிவகௌரி. "அது ஒருவழிப் பாதை. எழுபதாம் ஆண்டிலையிருந்து. வடக்கையிருந்து தெற்குக்கு மட்டும். நீங்கள் மூண்டு வருசம் பேப்பர் வாசிச்சுக்கொண்டு ஒவ்வொரு நாளும் எதிர்த்திசையிலை போயிருக்கிறீங்கள். உங்கடை டிரைவருக்குக் கோயில் கட்ட வேணும்."

கோதை தன்னையறியாமல் அட்டையை எடுத்து நீட்டினாள். கீழ்நோக்கிய அம்புகள். அடடா!

"வடக்கை போறதெண்டால் பக்கத்து வீதியாலைதான் போக வேணும்" என்று சிவகௌரி தொடர்ந்தாள். "அந்த ஊரிலை ஒரு கிழமை டாக்சி ஏறினவனுக்கும் இது தெரியும். ஆனா வீதிக்குக் கீழை அதே பேரிலை ஒரு ரயில் ஓடுது. அது ரெண்டு பக்கமும் ஓடும். ரயில் பாதைப் படத்தை மேசையிலை விரிச்சு வைச்சு வீதியைப் பற்றி எழுதினால் இப்பிடித்தான் முட்டும்."

பிரியம்வதாவின் கட்டைவிரல் போனை விட்டு விலகியது. "அப்ப கடிதம்..."

"பொய் பிள்ளை. பின்தொடர்ந்த டாக்சியும் இல்லை, முன்னாலை போன டாக்சியும் இல்லை."

"எழுதினவன் பிழையா எழுதியிருப்பான்!" பரமேஸ்வரன் எழுந்துவிட்டார். "நானும் நாப்பது வருசத்துக்கு முந்தினதை மறந்திருப்பன். அதுக்கும் இதுக்கும் என்ன?"

"போன நவம்பரிலை போன ஆளும் நாப்பது வருசத்துக்கு முந்திப் போன ஆளும் ஒரே வீதியிலை ஒரே பிழைப் பக்கமாப் போயிருக்கிறீங்கள். சரி, அதை விடுவம். மலைக்கு வருவம்." சிவகௌரி சுவர்ப் படத்தைக் காட்டினாள். "ஆர் கீறினது?"

"நான்தான்" என்றாள் பிரியம்வதா. "ஏழு வயசிலை. சித்தப்பா ஒவ்வொரு நாளும் கதை சொல்லுவார். தெம்போசான் மலை. புலி எல்லாம் வருமாம்."

"கடிதத்திலையும் அதே மலை. அதுக்குப் பின்னாலை சூரியன் மறையுது. அஷ்வினிட்டைக் கேட்டன், எவ்வளவு உயரம் எண்டு. பெடியன் அழ அழச் சிரிச்சான்." அட்டையில் இருந்த புள்ளியின்மேல் விரலை வைத்தாள். விரலுக்கடியில் புள்ளி காணாமல் போய்விட்டது. "நாலரை மீட்டர்."

"கிலோமீட்டராக்கா?"

"மீட்டர். கப்பல் வரத் துறைமுகத்திலை ஆழம் காணாதெண்டு ஆத்து வாயைத் தோண்டினவை. அந்த மண்ணைக் குவிச்ச மேடு. பேருக்குத்தான் மலை. ஜப்பானிலையே மிகப் பதிஞ்ச மலையளிலை ஒண்டெண்டு பகிடிக்கு ஏறிப் படம் எடுக்கிறவையாம். இந்த வீட்டுக் கூரை அதைவிட உயரம். அதுக்குப் பின்னாலை சூரியன் எப்பிடி மறையும்? ஒரு ஆட்டுக்குட்டி மறைஞ்சாலே காது வெளியிலை தெரியும்."

கோதையால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அந்த நிழல்லயா சார் பங்களா கட்டினீங்க? நாய்க்கா?"

பரமேஸ்வரன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"பேரைக் கேட்டுப் பெரிய மலையெண்டு நம்பினவர் எனக்குத் தெரிய உலகத்திலை ரெண்டு பேர்" என்றாள் சிவகௌரி. "ஒராள் நீங்கள். மற்றாள் இந்தக் கடிதம் எழுதினவர். ரெண்டு பேருக்கும் ரெண்டு நாற்காலி தேவையில்லை. ஏன் எழுதினதெண்டும் சொல்லுறன். சனிக்கிழமை ஒசாகாவிலையிருந்து ஒரு மனுசன் வாறார். அந்த மேட்டிலை விளையாடி வளர்ந்த துறைமுகத்து ஆள். உங்களுக்குப் பக்கத்துக் கதிரை. எங்கை இருந்தனீங்கள் எண்டு கேட்டால் என்ன சொல்லுவியள்? கலியாணம் நிண்டால்தான் கதிரை காலியாகும்."

சமையலறை வாசலில் பிரியம்வதாவின் தாய் பாலாம்பிகை தேத்தண்ணித் தட்டுடன் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. சிவகௌரிக்கு ஒரு கோப்பை கொடுத்தாள். கோதைக்கு ஒன்று. மகளுக்கு ஒன்று. நாலாவது கோப்பையைத் தட்டோடு திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் பரமேஸ்வரன் உடைந்தார்.

"எண்பத்தொன்பதாம் ஆண்டு" என்றார். மண்டபக் குரல் எங்கோ போயிருந்தது. "சரக்குக் கப்பல். குசினியிலை வெங்காயம் உரிச்சனான். ஒசாகாத் துறைமுகத்திலை ஒன்பது நாள் நிண்டது. விசா இல்லையெண்டு என்னை இறங்க விடேல்லை. தூரத்திலை ஊர் முழுக்க விளக்கு. கப்பல்காரர் கரையைக் காட்டி, உதுதான் தெம்போசான் மலை எண்டவை. நான் தேடித் தேடிப் பாத்தன். தெரியேல்லை. பனிப்புகார் மறைச்சிருக்கெண்டு நினைச்சன். இஞ்சை வந்த புதுசிலை, எங்கையிருந்து வந்தனீ எண்டு ஒருத்தன் இளக்காரமாக் கேட்டான். ஒசாகா எண்டன். மரியாதையாப் பாத்தான். பிறகு நிப்பாட்ட ஏலாமல் போச்சு."

கோதைக்கு ஒரு நொடி மனம் இளகியது. சிவகௌரிக்கு இளகவில்லை.

"கப்பலிலை வெங்காயம் உரிச்சது மரியாதையான வேலை. நானும் மழையிலை நிண்டு வசவு வாங்கின ஆள்தான், வெக்கப்படேல்லை. அதை மறைக்கிறதுக்கு, தகப்பன் இல்லாத ஒரு பிள்ளைக்கு இல்லாத சக்களத்தியைப் பெத்துவிட்டீங்களே, அதுதான் அசிங்கம். அதையாவது ஒழுங்காச் செய்தீங்களோ? ஒரு தெருப்படம் வாங்கிப் பாக்கப் பஞ்சி, சோம்பேறித்தனம். டிக்கெட் எழுதினவளுக்கு என்ன தெரியப்போகுதெண்டு என்னட்டை வந்தீங்கள். வீதி எந்தப் பக்கம் ஓடுதெண்டு பாக்கிறதுதான் அண்ணை எனக்கு இருபத்திரண்டு வருசம் தொழில்!"

ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. பிரியம்வதா போனை எடுத்தாள். கோயிலுக்கு அல்ல.

"அஷ்வின், எங்கை நிக்கிறீங்கள்?"

"கடையிலதான்." குரல் அறை முழுக்கக் கேட்டது. "பூட்டப் போறாங்க."

"உங்களுக்கு ஒசாகாவிலை பெண்சாதி இருக்கோ?"

"இல்லை பிரியா."

"நேற்றே ரெண்டாந்தரம் கேட்டிருக்க வேணும். கத்திக் கேட்டிருக்க வேணும். மன்னியுங்கோ. வேட்டியை வாங்குங்கோ."

வைத்துவிட்டுச் சித்தப்பா பக்கம் திரும்பினாள். அழுகை இல்லை. நோயாளியின் எலும்பு எங்கே விலகியிருக்கிறது என்று பார்க்கிற பார்வை.

"கப்பலிலை இருந்ததைச் சொல்லியிருந்தால் நான் கப்பலைக் கீறியிருப்பன் சித்தப்பா. வடிவாக் கீறியிருப்பன்."

அவர் தலை நிமிரவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. மணவறைக்கு இல்லை. அம்மா என்னைக் கைப்பிடிச்சுக் குடுப்பா. நீங்கள் அந்த ஒசாகாக்காரருக்குப் பக்கத்துக் கதிரையிலைதான் இருக்க வேணும். அதை மாத்த மாட்டன். எங்கை இருந்தனீங்கள் எண்டு அவர் கேப்பார். கப்பலிலை எண்டு சொல்லுங்கோ. சொல்ல ஏலாதெண்டால் வரவேண்டாம்."

சிவகௌரி தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கைப்பையைத் திறந்தாள். பழைய வேலையின் நினைவாக மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்த மஞ்சள் உறைகளில் ஒன்று. உள்ளே இருந்த சீட்டில், வெறுமையாக விட்டிருந்த ஓர் இடத்தைப் பேனாவால் நிரப்பினாள். "நீங்கள் கேட்ட ரெண்டு வரி அண்ணை. டிக்கெட் எழுதிற மாதிரியே எழுதியிருக்கிறன்" என்று சொல்லிப் பரமேஸ்வரனின் கோட்டு மார்பில் அதை அழுத்தி ஒட்டினாள்.

அவர் அதைப் பிரிக்காமலே வெளியே போனார். பிரிக்க வேண்டிய தேவையும் இல்லை. உறையின் பிளாஸ்டிக் வழியே கோதை ஏற்கெனவே படித்துவிட்டாள்.

இடம்: ஒசாகா. வாகனம்: கப்பல்.
குற்றம்: ஒருவழிப் பாதையில் எதிர்த்திசை.